நான்குக்கும் ஐந்துக்கும் நடுவே

மொந்தேவிதேயோவில், ஆந்தெஸ் தெருவில்
பதினொரு மாடிக் கட்டடம் ஒன்று.
அதன் லிஃப்டுக்கு நான்தான் வைத்தியன்.
மாதம் இரண்டு முறை
கூண்டின் தலைமேல் உட்கார்ந்து
கிரீஸ் டப்பாவும் டார்ச்சுமாக
இருட்டுக்குள் ஏறி இறங்குகிறேன்.

யார் வீட்டுக்குள்ளும் போனதில்லை.
எல்லார் வீட்டுப் பாட்டும் தெரியும்.

இரண்டாம் மாடியில் பந்தோனியோன்,
இழுத்து விட்ட மூச்சைத் திரும்ப வாங்கிக்கொள்ளும்.
ஆறில் கதவு அதிர மெட்டல்.
பாடுகிறவனுக்குப் பல்வலி என்றே
நெடுநாள் நினைத்திருந்தேன்,
ஒரு மழைநாளில் நானும் அவனோடு
பல்லைக் கடித்துத் தலையாட்டும் வரை.
எட்டில் ரெய்னால்தோவின் பையன்கள்
சாப்பாட்டு மேசையையே மத்தளமாக்குவார்கள்.
பத்தில் ஓபரா:
வாரக்கணக்காகச் செத்துக்கொண்டிருக்கிறாள் ஒருத்தி,
குரல் மட்டும் கம்மவில்லை.

மீனில் நடுத்துண்டுக்குத்தான் அடிதடி.
எனக்கு இசையில் அதுவே வாய்த்தது.
தலை கிடையாது, வால் கிடையாது.
ஒரு பாட்டு பிடித்துப்போவதற்குள்
அடுத்த மாடி வந்துவிடும்.
கடைக்காரனிடம் முணுமுணுத்துக் காட்டினால்
எதில் வருகிறது என்று கேட்கிறான்.
ஆறாம் மாடியில், என்றேன்.

அடியில், குழியில்,
கதவுக்கும் கூண்டுக்கும் இடையே
இரண்டு விரல் அகலத்தில் தவறியவை கிடக்கும்.
சாவி, சில்லறை, குழந்தையின் ஒற்றைக் காலுறை,
சில சமயம் புத்தகம்.
ஒல்லியானவை மட்டும்.
தடித்தவை எப்படியோ தப்பிவிடும்.
வாசலில் வைத்துப் பார்ப்பேன் ஒரு வாரம்.
யாரும் கேட்கவில்லையென்றால் என்னுடையது.
என் அலமாரியில் இருப்பதெல்லாம்
யாரோ கைநழுவவிட்டவை:
கவிதைகள், முதுகு பிளந்த துப்பறியும் கதையில் பாதி,
தேனீ வளர்ப்போர் கையேடு.

தேனீ என்னிடம் ஒன்றுகூட இல்லை.
அந்தக் கையேட்டை மூன்று முறை படித்தேன்.
முதலில் வெளியே வந்த ராணி கூவுவாளாம்.
மெழுகறையில் இன்னும் அடைபட்டிருக்கும் ராணிகள்
உள்ளிருந்தே பதில் கொடுப்பார்களாம்.
கொலைக்கு முந்தைய பாட்டு அது.
துப்பறியும் கதையின் காணாமல்போன பாதியை
இங்கே கண்டுபிடித்ததுபோல் இருந்தது.

போன ஜூலையில்,
ஆற்றுக் காற்று எலும்பை எண்ணிய ஒரு வியாழக்கிழமை,
நான்குக்கும் ஐந்துக்கும் நடுவே
இதுவரை கேட்காத ஒன்று.
ஐந்தில் யாரோ புதிதாய்க் குடிவந்திருந்தார்கள்.
ஆணா பெண்ணா தெரியாத குரல்,
அதில் சொல்லே இல்லை.
அதற்கும் கீழே, எடை ஏறிய மரப்படி போல
ஒரு தந்தி முனகியது.
என்ன வகை இது? எந்த ஊர்?
எதுவும் தெரியாமல்
சிவப்புப் பொத்தானை அழுத்தினேன்.

பதினொரு நிமிடம்.
வேலைக்குச் சேர்ந்து பதினாறு வருடத்தில்
முதல் முறையாக ஒரு பாட்டு முடிவதைக் கேட்டேன்.
முடிவு என்றால் கதவு சாத்துவது என்றிருந்தேன்.
அது குழாயைச் சொட்டவிட்டுப் போவதுபோல் முடிந்தது.

அப்போது எனக்குக் கீழே யாரோ இருமினார்கள்.

பலகை மாட்ட மறந்தது என் தப்பு.
மேல்மூடியைத் திறந்தால்
ஒன்பதாம் மாடி செலெஸ்டே இர்ரிகோய்த்தி,
காய்கறிப் பையை ஓரம் தள்ளி,
தரையில் கால் நீட்டி,
மூக்குக்கண்ணாடிக்குள் ஒரு புத்தகத்தோடு.
“பிரேக்கில் கோளாறு, அம்மா...”
பொய் பாதியில் நின்றது.
நிமிராமலே ஒரு விரலை உயர்த்தினார்.
“நாலு பக்கம்தான் பாக்கி.”

டார்ச்சைக் கீழே பிடித்தேன்.
தலைகீழாகப் படித்ததில்
ஒரு கப்பல், ஒரு கடன், ஒரு தங்கை,
அதற்கு மேல் பிடிபடவில்லை.
மேலே, ஐந்தில், அதே பாட்டு
மறுபடி தொடக்கத்திலிருந்து வந்தது.
தலையும் கிடைத்தது எனக்கு.

ஒன்பதில் இறங்கியவர் போகவில்லை.
குனிந்து, அந்த இரண்டு விரல் இடைவெளியில்
புத்தகத்தைச் செருகிப் பார்த்தார்.
தடித்தது. நுழையவில்லை.
திருப்பி, சாய்த்து, முதுகுப்பக்கமாக,
ம்ஹூம்.

மேலே பார்த்துச் சிரித்துவிட்டு
கையில்தான் கொடுக்க வேண்டியிருந்தது.