காலி வீதி, காலை மூன்றரை

அதிவேகப் பாதையில் காசு கேட்பார்கள் என்று
கடலோரமாகவே வந்தோம்.
மிச்சம் பிடித்ததை அளுத்கமையில்
மாலுபணிசும் பிளேன்ரீயுமாகத் தின்று முடித்தாயிற்று.

மொறட்டுவை.
தளபாடக் கடைக் கண்ணாடிகளுக்குள்
விற்காத கட்டில்கள் மல்லாந்து கிடக்கின்றன.
நாங்கள்
அம்ப்பில் தலை, ஸ்நெயரில் கால்,
ஒருவர் வியர்வையை ஒருவர் மூச்சிழுத்து
இருந்த இருப்பில் உறங்குகிறோம்.

கணக்குக் கொப்பி என் மடியில்.
காப்புறுதிக் கம்பெனியில் இருக்கிறாள், எண் தெரியும்
என்று முதல் பயணத்திலேயே தலையில் கட்டிவிட்டார்கள்.
மட்டக்களப்பில் பாதிக் காசு. மீதிக்கு
மண்டபக்காரர் ஒரு பை கஜு தந்தார்.
கஜுவை எந்த நிரலில் எழுதுவது?
யாழ்ப்பாணத்தில் நாலாம் பாட்டில் கரண்ட் போனது;
சல்டின் மட்டும் இருட்டில் அடித்துக்கொண்டே இருந்தான்
அது பாட்டின் பகுதி என்று சனம் கை தட்டியது.

மாத்தறையில் பதினொரு பேர்.
அதில் இரண்டு பேர் கதிரை அடுக்க வந்தவர்கள்.
ஆனால் முன்னால் ஒரு பெடியன்,
பள்ளிக்கூடச் சப்பாத்து, பெரிய மூக்குக்கண்ணாடி,
பிஸ்கட் பெட்டியைக் கிழித்த மட்டையில்
எங்கள் வரியை எழுதிப் பிடித்திருந்தான்.
தமிழில்.
கோணல் எழுத்து, போனைப் பார்த்து வரைந்ததாம்.

இன்னும் கறை சேரவில்லை.

யதுகுலன் எழுதியது கரை.
பதின்மூன்று வயதில் ஒரு படகில் இருந்தவன் அவன்.
அதைப் பற்றி எங்களுக்குத் தெரிந்ததெல்லாம்
அந்த ஒற்றைச் சொல்தான்.
மைக்குக்கு முன் நின்று மட்டையை வாசித்தான்,
ஒரு சுற்று பாடாமலே விட்டான்.
நான் பேஸில் அதே நாலு சுரத்தைத்
திரும்பத் திரும்பப் போட்டுக் காத்திருந்தேன்.

கல்கிசையில் தினேத் இறங்கினான்.
கேற்றில் ஏறிக் குதித்தான், திறப்பு கண்டியில் தொலைந்தது.
வெள்ளவத்தையில் மீன் வேன் ஒன்று வழி மறித்து நின்றது.
ஐஸ்தண்ணி வீதியில் ஓட
யதுகுலன் அதைத் தாண்டி ஒழுங்கைக்குள் போனான்,
திரும்பி வந்தான்,
ஜன்னலில் தட்டினான்.
"அந்த மட்டையை எறியாதை.
இனி வல்லினத்திலயே பாடப் போறன்."
அவ்வளவுதான்.
கிட்டாரை மறந்துவிட்டுப் போய்விட்டான்.

கொம்பனித்தெருவில் புதுக் கோபுரங்களுக்குக் கீழே
சல்டினின் வீடு இன்னும் இருக்கிறது, ஒரு சுவர் குறைந்து.
ட்ரம்ஸை மூன்று நடையாக இறக்கினோம்.
ஹை-ஹாட் ஒருமுறை சிணுங்கியது.
மேல்மாடியில் யாரோ மலாயில் ஏசினார்கள்.
பாங்கு சொல்ல இன்னும் நேரம் இருந்தது.

பிறகு வேன் விசாலமாகிவிட்டது.
ஒவ்வொரு குழியிலும்
காலி இருக்கைகள் கதைத்தன.
புறக்கோட்டையில் முட்டாக்காரர்கள்
வெங்காய மூட்டைகளுக்கு மேல்
எங்களைப் போலவே வளைந்து கிடந்தார்கள்.

"நங்கி, அந்த போட்ல என்ன எழுதியிருக்கு?"
நந்தசிறி கண்ணாடிக்குள்ளால் பார்த்துக் கேட்டார்.
இரண்டையும் சொன்னேன்.
கரை என்றால் இது. கறை என்றால் அது.
அவர் இரண்டையும் வாய்க்குள் உருட்டிப் பார்த்தார்
கொட்டாஞ்சேனை வரும்வரை.
"எனக்கு ரெண்டும் ஒண்டு மாதிரித்தான் கேக்குது."

பெற்றோலுக்குப் பிந்திய இருப்பு:
ஆளுக்கு எழுநூற்றி இருபது ரூபா.
எட்டரைக்கு நான் கைரேகை வைக்க வேண்டும்,
ஒரு லொறி விபத்தின் கோப்பு மேசையில் கிடக்கிறது.
இரண்டு கிட்டார், அரைப் பை கஜு, மட்டை,
மூன்று மாடி, லிஃப்ட் இல்லை.

கதவடியில் வைத்துத் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதியது.
என் தடித்த தந்தியை விட
ஒரு சொட்டுத் தாழ்ந்த சுருதி.
அதற்கு இறக்கிக் கட்டினால்
யதுகுலனின் குரல் எட்டுமா என்று யோசித்தபடி
சப்பாத்தைக் கழற்றினேன்.
ஒரு காலில் மாத்தறை மணல்.