எரிமலை வாய்க்குள் ஒரு தண்ணீர் வண்டி

என் பெயர் அவ்ஸான்.
இந்தத் துறைமுகத்தை ஒரு காலத்தில்
கையில் வைத்திருந்த அரசின் பெயர்.
சபா நாட்டு மன்னன் அதைத் தரைமட்டமாக்கி
கணக்கைக் கல்லில் வெட்டி வைத்தானாம்.
எனக்கு இது தெரியவந்தது முப்பத்தாறு வயதில்,
ஒரு சோதனைச் சாவடியில்.
அடையாள அட்டையைப் பார்த்த சிப்பாய்
"தோற்றுப்போன பெயர்டா உனக்கு" என்று சிரித்தான்.
படித்தவன் போலிருக்கிறது.
அன்று வழிப்பணம் பாதிதான் கேட்டான்.

ஏடனில் தண்ணீர் விற்கிறேன்.
பீர் அஹ்மத் கிணறுகளில் நிரப்பிக்கொண்டு
உப்பளம் தாண்டி, கோர்மக்சர் தாண்டி
கிரேட்டருக்குள் இறங்குவேன்.
செத்த எரிமலையின் வாய்க்குள் ஒரு ஊர்.
வீடு கட்ட வேறு இடமா கிடைக்கவில்லை என்று
கிளட்சை மிதிக்கும்போதெல்லாம் கேட்பேன்.
பதில் எதிரே கிடக்கும்:
காற்று புகாத விரிகுடா,
கப்பல்களுக்குத் தொட்டில்.
குடிக்க மட்டும் ஆகாது.

சாம்பிராணி போனது, மிளகு வந்தது.
பட்டு, தந்தம், சீனத்துக் கிண்ணம்,
விலைபேசிய மனிதர்கள்.
எல்லாம் கடலில் வந்து இறங்கிய ஊருக்கு
வராத சரக்கு ஒன்றுதான்.
அதற்காக யாரோ மலையைக் குடைந்தார்கள்.
தவீலாப் பள்ளத்தாக்கில் தொட்டிக்குக் கீழே தொட்டி,
ஒன்று நிறைந்தால் அடுத்ததில் வழியும்படி,
எரிமலைச் சாம்பலைக் குழைத்துப் பூசி.
யார் வெட்டியது என்றால்
வாசலில் சீட்டுக் கிழிக்கும் ஹைதரா
சபா அரசி என்பான்.
அவன் தம்பி ஜின்கள் என்பான்.
எனக்கென்னவோ தாகம் பிடித்த ஆட்கள்
என்றுதான் தோன்றுகிறது.

போர்த்துகீசியர் ஏணிகளோடு வந்தார்கள்.
மதிலில் சாத்தி எல்லோரும் ஒரே நேரத்தில் ஏற,
ஏணிகள் முறிந்தன.
அந்தத் தச்சன் பெயரை
நாங்கள் ஒரு தெருவுக்கு வைத்திருக்க வேண்டும்.
துருக்கியர் ஏணி கொண்டுவரவில்லை.
அமீரைக் கப்பலுக்கு அழைத்து
பாய்மரத்தில் தொங்கவிட்டார்கள்.
அதிலிருந்து, விருந்துக்கு யாராவது கூப்பிட்டால்
எங்கள் வீட்டில் முதலில் கதவைத் தாழிடுவோம்.

ஆங்கிலேயன் நிலக்கரி குவிக்க இடம் தேடி வந்தான்.
தூர்ந்துபோன தொட்டிகளைத் தோண்டி
சுவர் கட்டி, கம்பி போட்டு, பூங்காவும் வைத்தான்.
தண்ணீர் மட்டும் தங்கவில்லை.
கடலைக் காய்ச்சிக் குடித்தான்.
மஅல்லாவில் கரி சுமந்த என் பாட்டனார் ஃபாரிஉக்கு
சாகும்வரை எச்சில் கறுப்பு.
அப்பா, நங்கூரமிட்ட கப்பல்களின் பயணிகளுக்கு
வரியில்லாக் கைக்கடிகாரம் விற்றார்.
கடைசி ஹெலிகாப்டர் போன நாளில்
அவரிடம் விற்காமல் நாற்பத்தொன்று மிச்சம்;
எல்லாம் ஒவ்வொரு நேரம் காட்டின.

பிறகு தோழர்கள் தோழர்களைச் சுட்டார்கள், பத்து நாள்.
பிறகு வடக்கிலிருந்து டாங்கிகள்.
பிறகு மறுபடி வடக்கிலிருந்து.
அந்தக் கோடையில்தான்
என் வண்டியில் ஒரு தோட்டா பாய்ந்தது.
எனக்கு ஒன்றுமில்லை. தொட்டிக்குத்தான்.
தெரு நடுவே, விரல் பருமனில்
தண்ணீர் பீறிட்டு வளைந்து விழுந்தது.
நான் டயருக்கு அடியில் படுத்திருந்தேன்.
முதல் மாடியிலிருந்து பஹீஜா என்ற பெண்
செருப்பில்லாமல் ஓடிவந்து
ஓட்டையில் உள்ளங்கையை அழுத்தி நின்றாள்.
சுட்டவன் அவளைப் பார்த்திருப்பான்.
பார்த்துக்கொண்டே இருந்திருப்பான்.
வாளிகள் வந்தன. குடங்கள் வந்தன.
அவள் கையை எடுப்பாள், நிரம்பும்,
மறுபடி வைப்பாள்.
ஒன்பதாயிரம் லிட்டர் தீரும்வரை
அந்தப் பக்கமிருந்து இன்னொரு தோட்டா வரவில்லை.
காசு யாரிடமும் நான் கேட்கவில்லை;
கேட்டிருப்பேன், நாக்கு எழவில்லை.

ஒரு ரமலானுக்கு முன் பெருமழை வந்தது.
வீடுகள் சரிந்தன, கார்கள் மிதந்தன,
என் ஒன்றுவிட்ட தம்பி காலித்தைச் சேற்றில் எடுத்தோம்.
மறுநாள் தவீலாவுக்குப் போனேன்.
தொட்டிகள் நிறைந்து கிடந்தன,
பழுப்பாக, ஒரு ரப்பர் செருப்பு மிதக்க.
யார் செருப்போ.

ஓட்டையைச் சோப்பும் மரச்சக்கையும் வைத்து
அடைத்திருக்கிறேன். இன்னும் சொட்டுகிறது.
வண்டியின் பின்னால் சாலையில் ஒரு ஈரக்கோடு,
நாய்கள் அதை நக்கிக்கொண்டே வரும்
கணவாய் வரைக்கும்.
அளவு கொஞ்சம் குறையும்.
விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.