எடை ஒன்று

இரவு ஒன்று ஐம்பதுக்கு
சாத்தனூரில் இன்னும் இரண்டு மதகு தூக்கிய செய்தி.
தண்ணீர் கடலூர் வந்து சேர நேரமிருந்தது.
ஜனம் அதற்கு முன்பே வந்துவிட்டது.

மஞ்சக்குப்பத்தில் அடகுக்கடை மாடி.
இன்வெர்ட்டர் முனகும் அறையில் நான் மட்டும்.
பெண்ணையாற்றின் மட்டத்தைச் சொல்லும் பக்கம்
எங்கள் பொறுப்பு.
ஒரே ஓர் எண், மீட்டரில்.
அதற்காக நாணமேடும் உச்சிமேடும் கண்டக்காடும்
இருட்டில் விரலால் திரையைக் கீழே
இழுத்து இழுத்து விடுகின்றன.

இருப்பது மூன்று சர்வர். மூன்றுக்கும் மூச்சு முட்டுகிறது.
முன்னால் நிற்கும் லோட் பேலன்சர் மட்டும்
நீ இங்கே, நீ அங்கே, நீ அதற்கடுத்து என்று
பதறாமல் பிரித்து அனுப்புகிறது.
பதறத் தெரியாதது அதன் கொடுப்பினை.

இன்னும் இரண்டு சேர்க்க வேண்டும்.
நிறுத்திவிட்டுச் சேர்த்தால் நாற்பது நொடி வேலை.
இன்றைக்கு அந்த நாற்பது நொடி என்னுடையதில்லை.
"ரீஸ்டார்ட் போட்றாத. ரீலோட்" என்கிறான்
முதலியார்பேட்டையிலிருந்து அமலோற்பவநாதன்.
அவன் ஜன்னல் காற்றில் அடித்துக்கொள்வது
போனில் கேட்கிறது.

இரண்டு சொல்லுக்கும் நடுவே ஓர் ஊரே இருக்கிறது.
ரீலோட் என்றால் பழைய ப்ராசஸ் உடனே சாகாது.
புது ஆளை வாங்காது, அவ்வளவுதான்.
கையிலெடுத்ததை முடிக்கும்,
பாதி அனுப்பிய பக்கத்தை முழுதாய் அனுப்பும்,
கடைசி ஆள் போனபின் தானாய் அணையும்.
அதற்குள் புதியது அதே வாசலில் நின்று
அடுத்தவரை உள்ளே விட்டிருக்கும்.

நான்காவது சர்வரைத் தட்டிக் கேட்டேன்: நலமா?
இருநூறு என்றது.
எங்கள் பாஷையில் நலத்துக்கு அதுதான் எண்.
ஆனாலும் எடை ஒன்றுதான் வைத்தேன்.
பழையவற்றுக்குத் தலைக்கு நூறு.
முந்நூற்றொரு பேரில் ஒருவர் அங்கே போவார்.

இரண்டு பதினாலுக்கு ஒருவர் போனார்.
ஐந்நூறு.

கடவுச்சொல் பழையது.
டேட்டாபேஸ் உள்ளே விடவில்லை.
நலம் என்று அது சொன்னது பொய்யில்லை.
இருக்கிறாயா என்றுதான் நான் கேட்டேன்,
ஆற்றைத் தெரியுமா என்று கேட்கவில்லை.

எடையைச் சுழியமாக்கி வெளியே இழுத்தேன்.
கடவுச்சொல்லை மாற்றினேன், கேள்வியையும்:
கடைசியாய் அளந்த மட்டம் எவ்வளவு, சொல்.
சொன்னது.
ஒன்று. பத்து. ஐம்பது.
"ஏறுது" என்கிறான் அமலோர். "தாங்குது. ஏத்து."
நூறு.
மூன்று மணிக்குள் ஐந்தாவதும் நின்றுவிட்டது.
ஆற்றின் எண் வளர்ந்துகொண்டே போனது
ஒரு நொடியும் கண் மூடாமல்.

பிறகு பதிவேட்டில் அந்த ஒருவரைத் தேடினேன்.
மலிவான செல்போன், தமிழில் வைத்திருக்கிறார்.
கேட்டது கண்டக்காடு மட்டம்.
கிடைத்தது வெள்ளைப் பக்கம்.
பதினோரு நொடி கழித்து மறுபடி கேட்டிருக்கிறார்,
இரண்டாம் சர்வர் நாலு புள்ளி ஆறு என்றிருக்கிறது.

பதினோரு நொடி.
ஆட்டை மாடிப்படியில் கட்டிக்கொண்டிருந்தாரோ.
தூக்கம் வராமல் சும்மா பார்த்தாரோ.
பக்கத்தையும் ஆறு கொண்டுபோய்விட்டதென்று
நினைத்தாரோ.

விடிந்ததும் அறிக்கை.
சேவைத் தடங்கல் என்ற கட்டத்தில்
ஒருவருக்கு, பதினோரு நொடி என்று எழுதினேன்.
தணிகாசலம் சார் கூப்பிட்டார்:
"அதெல்லாம் கணக்குல வராதும்மா.
ராத்திரி முழுக்க நல்லா பண்ணிருக்கீங்க."
விதிப்படி அவர் சொல்வது சரி.
சுழியம் என்று மாற்றிக் கொடுத்தேன்.

கீழே கடைக்காரர் ஷட்டரைப் பாதி தூக்கி
தெருவில் தண்ணீர் இருக்கிறதா என்று குனிந்து பார்க்கிறார்.
நான் கான்ஃபிக் ஃபைலைத் திறக்கிறேன்.
நான்காவது சர்வரின் பெயருக்கு மேலே
இயந்திரம் படிக்காமல் தாண்டிவிடும் ஒரு வரி:

# 2:14. கண்டக்காடு. திரும்ப வந்தார்.