ஒரு வாரம் பிந்திய அட்டவணை

ஜூன் மாதம். மாங்கூழ் ஆலைகளின் புளித்த வாசனை
ஏசி வழியாகவும் காருக்குள் வருகிறது.
டாஷ்போர்டில் நான்கு போன்கள், மடியில் லேப்டாப்.
பழையபேட்டைச் சந்துகளில்
முனிரத்தினம் மெல்ல ஓட்டுகிறார், நான் அளக்கிறேன்.
மலையடித் தெருவில் பேச்சு உடைகிறதாம்.
பதினோரு புகார்கள்.

சென்னைப் பயிற்சியில் ஒருவர் விளக்கினார்:
ஒரே அறையில் நான்கு ஜோடி, நான்கு மொழி.
அவரவர் மொழி அவரவர் காதுக்கு,
மற்றதெல்லாம் வெறும் இரைச்சல்.
நான் கிருஷ்ணகிரிக்காரி.
மண்டியில் தெலுங்கில் விலை கேட்டு
கன்னடத்தில் அதைப் பாதியாக்கி
உருதுவில் சில்லறை வாங்கி
தமிழில் திட்டிக்கொண்டே வெளியே வருபவள்.
எனக்கு எதுவும் இரைச்சலில்லை.
அந்த உவமை என்னிடம் பலிக்கவில்லை.

எனக்கு விளங்கியது எங்கள் வீட்டு பிரிட்ஜ் கதவில்.

அங்கே இரண்டு ஷிப்ட் அட்டவணைகள்.
சென்னகிருஷ்ணனுக்கு ஓசூரில் பைக் கம்பெனி:
பகல், பகல், இரவு, இரவு.
எனக்கு: பகல், இரவு, இரவு, பகல்.
பகலென்றால் கூட்டல் ஒன்று, இரவென்றால் கழித்தல் ஒன்று.
வாரத்தோடு வாரத்தைப் பெருக்கு, பிறகு கூட்டு.
முதல் வாரம் இருவருக்கும் ஒரே ராத்திரி. கூட்டல்.
இரண்டாம் வாரம் சாவி மட்டும் கைமாறியது. கழித்தல்.
மூன்றாம் வாரம் ஜன்னலுக்குப் போர்வை கட்டி
பட்டப்பகலில் தூங்கினோம். கூட்டல்.
நான்காவது, மறுபடியும் சாவி.
ஆக மொத்தம் சுழியம்.

காற்றில் சுழியம்தான் கண்ணியம்.
அறுபத்து நான்கு வரிசைகள்
ஒரே கோபுரத்திலிருந்து, ஒரே அலைவரிசையில்,
ஒன்றின்மேல் ஒன்று ஏறி வருகின்றன.
போன் தன் வரிசையால் அத்தனையையும் பெருக்கிக் கூட்டுகிறது.
பக்கத்து வீட்டுச் சண்டை,
எதிர்த்தெருச் சம்பந்தப் பேச்சு,
"தொப்பூர் தாண்டிட்டேன்ணா" என்னும் லாரிக்காரர் பொய்
எல்லாம் சுழியமாகிக் கரைய
தனக்கானது மட்டும் அறுபத்து நான்கு மடங்காய் எழுந்து நிற்கிறது.
இதற்காக யாரும் குரலைத் தாழ்த்தவில்லை.

ஒரே நிபந்தனை:
எல்லோரும் ஒரே நொடியில் தொடங்கியாக வேண்டும்.

மலைக்கு அது தெரியாது.
சையத் பாஷா மலையின் மொட்டைப் பாறை
அலையை வாங்கிச் சற்றே பிந்தித் திருப்பித் தருகிறது.
எங்கள் வரிசையில் ஒரு துண்டின் நீளம்
காற்றில் இருநூற்று நாற்பத்து நான்கு மீட்டர்.
சுற்றுவழி அவ்வளவு கூடினால் போதும்,
சுழியம் விரிசல் விடுகிறது.
யாரோ ஒருத்தியின் அழுகை
யாரோ ஒருவரின் வியாபாரத்தில் கரகரப்பாக ஒழுகுகிறது.

மார்ச்சில் கம்பெனி அவன் அட்டவணையை
ஒரே ஒரு வாரம் பின்னால் தள்ளியது.
இரவு, பகல், பகல், இரவு.
என்னுடையதோடு பெருக்கிப் பாருங்கள்.
நான்கும் கழித்தல்.
முன்னால் தள்ளியிருந்தால் நான்கும் கூட்டல்!
எந்தப் பக்கம் நழுவுவதென்று
ஓசூரில் யாரோ எக்செலில் முடிவு செய்திருக்கிறார்கள்.
மூன்று மாதமாக என் கணவன் என்பது
ஒரு ஈரத் துண்டு,
தலையணையில் மிச்சச் சூடு,
தொட்டியில் கழுவாத ஒரு டீ கிளாஸ்.

தஸ்தகீர் கோபுரமேறி
ஆன்டெனாவைப் பாறையிலிருந்து திருப்பி
இரண்டு டிகிரி குனியவைத்தார்.
புகார் மூன்றாகக் குறைந்தது.
மூன்றுக்கு மேல் மலை விட்டுக்கொடுக்கவில்லை.

அன்றிரவே மேலாளருக்கு எழுதினேன்,
என் ஷிப்டை ஒரு வாரம் பின்னால் தள்ளச் சொல்லி.
காரணம் என்ற கட்டத்தில்: நேர ஒத்திசைவு.
டவர் சமாச்சாரம் என்று நினைத்துக் கையெழுத்திட்டார்.

இப்போது எனக்குப் பகல், பகல், இரவு, இரவு.
அவனுடைய பழைய சட்டையைப் போட்டுக்கொண்ட மாதிரி.
கழித்தல், கூட்டல், கழித்தல், கூட்டல்.

இரண்டாம் வாரத் திங்கள் இரவு
வீட்டில் இருவரும் இருந்தோம்.
அவன் கேட்ட முதல் கேள்வி:
"டீ கிளாஸை நீ கழுவவே மாட்டியா?"