சோளமும் அவரையும்

ஜெடடையா லோத்ரப்பை நாங்கள் முதலில் தேர்ந்தெடுத்தது
பன்றிக் காவலுக்கு.
புதுமாப்பிள்ளையைச் சீண்டுவதற்கென்றே
ஊர் வைத்திருந்த பதவி.
எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.
அந்த வருடம் ஒரு பன்றிகூட
அடுத்தவன் கிழங்கில் வாய் வைக்கவில்லை.

அப்புறம் வேலி பார்ப்பவர்,
அப்புறம் மாநில அவை.
பனி உருகிய சேற்றில் மூன்று நாள் குதிரை.
சேணப்பையில் வெங்காயம், உப்புக்கண்டம்,
மெஹிட்டபெல் தைத்துக் கொடுத்த ஒரே நல்ல சட்டை.

பதினோரு ஆண்டுகள்.
ஊர் எழுத்தன் நான், கணக்கு என்னிடம் இருக்கிறது.
ஓநாய்த் தலைக்கு இருபது டாலர்: ஆதரவு.
பாலம் கட்ட லாட்டரிச் சீட்டு: ஆதரவு.
நாய் வரி: எதிர்ப்பு. அவரிடம் நாலு நாய்.
எழுந்து பேசியது இரண்டே முறை.
ஒருமுறை பாலத்துக்காக.
ஒருமுறை, குளிருகிறது, ஜன்னலைச் சாத்துங்கள் என்று.

பாலம் வந்தது.
தூண்களை எழுப்பியவர் சைரஸ் ஹேண்டி.
கறுப்பர், முப்பது ஏக்கர், சொந்தச் சுண்ணாம்புச் சூளை.
தேர்தல்தோறும் லோத்ரப்புக்கு அவர் போடும் சோள மணி
எனக்குக் கேட்காது.
தொப்பியின் அடிவரை கையை விட்டு
முட்டையை வைப்பதுபோல் வைப்பார்.

பதினோராம் ஆண்டு
வாக்குச் சட்டத்தில் ஒரே ஒரு சொல் சேர்த்தார்கள்.
'ஆண்' என்பதற்கு முன்னால் 'வெள்ளை'.
லோத்ரப் எழவில்லை.
ஜன்னல் சாத்தித்தான் இருந்தது.
ஆதரவு என்று பதிவாகியிருக்கிறது.

மார்ச் மாத ஊர்க்கூட்டத்துக்கு
ஹேண்டி வந்தார். வரிசையில் நின்றார்.
தொப்பியை நீட்ட வேண்டியவன் நான்.
நீட்டவில்லை.
உள்ளங்கையை விரித்துக் காட்டினார்:
ஆம் சொல்லும் சோளமும் இருந்தது,
இல்லை சொல்லும் அவரையும் இருந்தது.
"எதைப் போட்டிருப்பேன் என்று
அவர் யோசித்துக்கொண்டே இருக்கட்டும்."
இரண்டையும் வாயிலிட்டுக்
கடக் கடக்கென்று மென்றபடி வெளியே போனார்.
அந்தச் சத்தம் கேட்டது.

லோத்ரப் வென்றார்.
நாற்பத்தொரு சோளம், மூன்று அவரை.
மூன்றில் ஒன்று என்னுடையது.
இவ்வளவு தாமதமாகச் சொல்வதற்கு
மதிப்பு ஏதுமில்லை, தெரியும்.

அதற்குப் பிறகு தலைநகர் போகையில்
அவர் பாலத்தின் மேல் போகவில்லை என்கிறார்கள்.
மேல்துறையில் ஆற்றுக்குள் குதிரையை இறக்கினாராம்.
கணக்கில் அது இல்லை.
நனைந்த சேணம் வேலியில் காய்வதை
இரண்டு முறை பார்த்திருக்கிறேன்.