பில் இலக்கம் 4471

காலை ஒன்பதுக்கே வியர்த்துவிட்டது மலிபன் வீதி.
நாட்டாமிமார் தள்ளுவண்டிக்கு வழி கேட்டுக் கத்துகிறார்கள்,
தமிழில் பாதி, சிங்களத்தில் பாதி,
மிச்சத்தை விசில் சொல்கிறது.

கல்லாவுக்குப் பக்கத்து மேசை என்னுடையது.
கொப்பி, பேனா, பைல் மட்டை, ஏ-ஃபோர் கட்டு.
விலை, தொகை, வரி.
மெஷின் வந்த பிறகும்
கரண்ட் போகும் நாட்களில்
என் கையெழுத்துத்தான் கடை.

தருமகுலசிங்கம் முதலாளி கெட்டவரில்லை.
நத்தாருக்கு முழுச் சம்பளம் போனஸ் தருவார்,
காய்ச்சல் என்றால் வீட்டுக்குப் போகச் சொல்வார்.
இன்று பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார்:
"ஜெசிந்தா, என்ர பெடியன் இன்டர்நேஷனலில படிக்கிறான்.
ஒரு தவணைக்கு எவ்வளவு கட்டிறன் தெரியுமே?
பிறகு அரசாங்கப் பள்ளிக்கும் நானே குடுக்கவேணும்.
என்ன நியாயம் இது?
அவரவர் பிள்ளை, அவரவர் பாடு."

நான் கூட்டிக்கொண்டிருந்தேன்,
அவருடைய மூன்று மாத வரிக் கணக்கை.
ஏழாம் நிரலில் ஒரு பூச்சியம் வழுக்கப் பார்த்தது.
பிடித்தேன்.

பிடித்த விரல்
கொட்டாஞ்சேனையில், மழை ஒழுகும் வகுப்பில்,
ஒரு வாங்கில் ஐந்து பேர் நெருங்கியிருந்து
பின்னம் பழகிய விரல்.
அப்பா துறைமுகத்தில் மூட்டை இறக்கினார்.
அக்காவின் சப்பாத்துக்குள் பஞ்சடைத்துக்கொண்டு நான் போனேன்.
எங்களுக்கு யார் கட்டுகிறார்கள் என்று
அப்போது கேட்கத் தோன்றவில்லை.
இதே வீதியில் யாரோ ஒரு முதலாளி கட்டியிருப்பார்.
நோர்வூட் பக்கம் கொழுந்து பறித்த யாரோ ஒருத்தி.
தீப்பெட்டி வாங்கிய எல்லாரும்.
அப்பாவும்தான், தன் பீடிக்கு.

இலவசம் என்ற சொல்லை
நான் முழுதாக நம்புகிறவளில்லை.
மகளை முதலாம் ஆண்டில் சேர்க்கப் போன அன்று
இரண்டு வாளி பெயின்ற் கேட்டார்கள், ஒரு மின்விசிறி.
அன்பளிப்பு என்றார்கள்.
பற்றுச்சீட்டு கேட்டபோது
அதிபரின் முகத்தில் கரண்ட் போனது.
பின்னேரமானால் ரியூஷன்,
அங்கேயும் அதே ஆசிரியர், அதே பாடம்,
கொஞ்சம் கூடுதலான சிரிப்பு.
எல்லாம் தெரியும்.
வாளி ஓட்டை என்பதற்காக
எங்கள் தோட்டத்தில் யாரும்
குழாயை அடைக்கச் சொன்னதில்லை.

இதில் ஒன்றையும் நான் சொல்லவில்லை.
பேனையை மூடிவிட்டு இவ்வளவுதான் கேட்டேன்:
"எல்லாப் பிள்ளைகளும் எழுதப் பழகாட்டி
நாங்க கொப்பியை யாருக்கு முதலாளி விக்கிறது?"

சிரித்தார். தேத்தண்ணியைக் குடித்தார்.
பள்ளி தொடங்கும் மாதத்து விற்பனை
அவருக்கும் மனப்பாடம்.
சம்மதித்தாரா தெரியாது.
தொலைபேசி அடித்தது.

மாலை, கதவு இறக்கும் நேரம்,
மகளின் கொப்பியில் வந்த துண்டு ஞாபகம் வந்தது:
தவணைப் பரீட்சைத் தாள் அடிக்க
ஆளுக்கு ஒரு ஏ-ஃபோர் கட்டு.
நானே எனக்கு பில் போட்டேன்.
ஆயிரத்து எழுநூறு.
நூற்றுக்குப் பதினெட்டு, முந்நூற்றாறு.
"வரியை விடு ஜெசிந்தா,
உனக்குத்தானே, எழுதாத" என்றார்.
உண்மையான அன்பில்தான் சொன்னார்.

எழுதினேன்.
அந்த முந்நூற்றாறு
எந்தக் கூரையின் தகரமாகும்,
எவருடைய சட்டைப் பைக்குள் விழும்,
ஒரு பில் புத்தகத்துக்கு அது தெரியாது.
கார்பன் தாளில் மட்டும்
இலக்கம் அழுத்தமாக விழுந்தது.

பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது.
மடியில் ஐந்நூறு வெள்ளைத் தாள்,
பிறந்த பிள்ளையைவிடக் கொஞ்சம் பாரம் குறைவு.
ஆமர் வீதிச் சந்தியில் நெரிசல்.
ரியூஷன் முடிந்து ஏறிய ஒரு பையன்
பக்கத்தில் இருந்தபடியே தூங்கிப்போய்
கட்டின்மேல் தலை சாய்த்தான்.
கழுத்துப் பட்டியில் எந்தப் பள்ளியின் பெயரோ.
குனிந்து வாசித்திருக்கலாம்.

இறங்கும் இடம் வரை
மடியை அசைக்காமல் இருந்தேன்.