இரட்டைத் தெறிப்பு

காலை ஐந்து நாற்பத்தேழுக்கு
அது கொழும்பைக் கடந்து போயிருந்தது.
மேகம் விலகட்டும் என்று காத்து நிற்கிற கண்ணல்ல, ராடார்.
தானே ஒரு கேள்வியை எறிந்து
தானே மறுமொழியைப் பொறுக்கிக்கொண்டு போகும்.

அதற்குத் தண்ணீர் கறுப்பு.
அசையாத நீர், விழுந்த அலையை
வேறெங்கோ தட்டிவிட்டு
ஒன்றும் நடவாததுபோல் படுத்திருக்கும்.
கறுப்பைத் தேடு என்றுதான்
எனக்குப் படிப்பித்தார்கள்.

பத்து மணிக்குள் களனி கங்கை
என் திரையெங்கும் கசிந்திருந்தது.
கடுவலையில் வயல்களைத் தின்று
அம்பத்தளையில் சுத்திகரிப்பு நிலைய வேலியை நக்கி
கொலன்னாவைச் சதுப்பில் மை கொட்டிய துணியாய்.
நிலூக்கா எல்லை வரைந்தாள். நான் நிறம் கொடுத்தேன்.
வெள்ளத்துக்கு நீலம்,
மிச்சத்துக்குக் காகிதத்தின் வெள்ளை.
சிங்களத்தில் ஒரு வரைபடம், தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று.
மூன்றிலும் வெல்லம்பிட்டி வெள்ளையாக இருந்தது.
அனுப்பினோம்.

பதினொன்றேகாலுக்குத் தொலைபேசி.
கீழ்மூலையில் பொடி எழுத்தில் கிடக்கும் அந்த இலக்கத்தை
ஒருவரும் வாசிப்பார்கள் என்று நாங்கள் நினைத்ததில்லை.
"மிஸ், நான் பஸ்மினா.
ஒங்கட மெப்புல எங்கட ஒழுங்க காஞ்சி ஈக்கிது.
இங்க தண்ணி பிரிட்ஜ்ட கழுத்து வரைக்கும் ஈக்கிது."
பின்னால் ஓர் ஆடு கத்தியது, மொட்டைமாடியில் போலும்.
"நேவி போட் அந்த மெப்பப் பாத்துட்டுத்தான்
திரும்பிப் போன."

படத்தை மறுபடி திறந்தேன்.
அவளுடைய ஒழுங்கையில் கறுப்பே இல்லை.
அந்தப் பக்கத்திலேயே அதிக வெளிச்சம் அங்கேதான்.

சுவரோடு சுவர் முட்டக் கட்டிய வீடுகள்.
அவற்றின் காலடியில் நீர்.
மேலிருந்து வந்த அலை தண்ணீரில் தட்டி
சுவரில் தட்டி
வந்த வழியே நேரே திரும்பியிருக்கிறது.
இரட்டைத் தெறிப்பு.
பாடநூலில் ஒரு பந்தி, பரீட்சையில் ஐந்து புள்ளி.
ஐந்தையும் எடுத்தவள் நான்.

நிலூக்கா கதிரையோடு உருண்டு வந்தாள்.
போன முறைப் படத்தை அடியில் வைத்து
வெளிச்சம் எங்கே கூடியிருக்கிறதென்று பார்த்தோம்.
போதவில்லை. நிறுத்தி வைத்த லொறியும் தெறிக்கும், தகரமும் தெறிக்கும்.
பள்ளிவாசல் படி தெரிகிறதா என்று கேட்டேன்.
"மூணு படி தெரியிது."
அடுத்த ஒழுங்கையில்?
அவள் போனைக் காதிலிருந்து எடுக்காமலே கத்தினாள்.
கூரையிலிருந்து கூரைக்குக் கேள்வி தாண்டிப் போய்
பதில்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின.
முழங்கால். இடுப்பு.
பத்தாம் இலக்கத்தில் நெஞ்சு.
பதினேழில் ஆளில்லை.
பதினெட்டில் உபசேன என்றொருவர், நடக்கமாட்டார்,
மேசைக்கு மேல் கதிரை, கதிரைக்கு மேல் அவர்.
வீடு வீடாக
நான் கையால் நீலம் போட்டேன்.

எழுநூறு கிலோமீற்றர் உயரத்தில் அது
இந்நேரம் வேறு யாருடையதோ கடலின் மேல்.
இதே பாதையில் திரும்பி வரப் பன்னிரண்டு நாள்.
அவளுடைய போனில் ஒன்பது சதவீதம்.

ஒன்றரைக்கு இரண்டாம் வரைபடம் போனது.
'மூலம்' என்ற இடத்தில்
செய்மதியின் பெயர், கடந்த நேரம்,
பக்கத்தில் 'பஸ்மினா, வெல்லம்பிட்டி' என்று எழுதியிருந்தேன்.
இது முறையல்ல, எடுத்துவிடுங்கள் என்றார் பணிப்பாளர்.
சிங்களத்தில் எடுத்தேன். ஆங்கிலத்தில் எடுத்தேன்.
தமிழை அவர் திறந்து பார்க்கவில்லை.

இரண்டரைக்கு அவளுடைய இலக்கத்துக்கு அடித்தேன்.
மூன்று மொழிகளிலும்
ஒருத்தி மன்னிப்புக் கேட்டாள்.